மங்காத டார்ச்

அத்தியாயம் 9

“மேடம், இந்த மாடியிலேர்ந்து கெணறு சூப்பரா தெரியுது. கெணத்துக்குள்ள இன்னா நடந்துச்சுன்னு மட்டும்தான் தெர்ல” என்றான் ஜேம்ஸ்.

“அது தெரிஞ்சா நம்மள எதுக்குடா கூப்பிடப் போறாங்க?”

சாமுண்டீஸ்வரி காயப்போட்ட புடவைகளை விலக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றாள். போலீஸில் ஏட்டாக இருந்தவள். காக்கியைக் கழற்றிவிட்டு ஆவடி மார்க்கெட்டில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். ஜேம்ஸ் அவளுடைய உதவியாளன். அவன் வாயை மூடி வைக்கத் தெரிந்தவன் உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை.

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடி அது. எதிரே காலி மனை, அதைத் தாண்டி ஒரு பழைய வீடு. வீட்டின் பின்புறம் கல் கட்டிய பாசனக் கிணறு. நிலம் எல்லாம் பிளாட்டாகிவிட, கிணறு மட்டும் மிச்சம்.

அந்தக் கிணற்றில்தான் போன மாதம் ரேகா செத்துப்போனாள். வீட்டுக்காரன் ஜெகதீஷின் மனைவி. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர்களுக்கு டார்ச் லைட் தயாரிக்கும் யூனிட் இருந்தது. டார்ச்சை வடிவமைப்பது அவள், விற்பது அவன். மழை பெய்து கரண்ட் போயிருந்த ஒரு சாயங்காலம், மோட்டாரைப் பார்க்கப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான் ஜெகதீஷ். போலீஸும் விபத்து என்று எழுதிவிட்டது. ஒத்துக்கொள்ளாதவள் ரேகாவின் அம்மா பஞ்சவர்ணம் மட்டும்தான். “எம் மக நீச்சல் தெரிஞ்சவ. தண்ணியில விழுந்தா கத்துவா. சும்மா சாக மாட்டா” என்று சாமுண்டீஸ்வரியின் மேஜை முன்னால் உட்கார்ந்து சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை.

பிரேதப் பரிசோதனையில் ஒரு கால் எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. மற்றபடி நீரில் மூழ்கிய சாவுதான்.

“நீங்க பார்த்ததைச் சொல்லுங்கம்மா” என்றாள் சாமுண்டீஸ்வரி.

ஜமீலா அந்த அடுக்குமாடியில் குடியிருப்பவள். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது.

“அன்னிக்கு கரண்ட் போச்சுக்கா. பசங்க புழுக்கம் தாங்காம மேல ஓடியாந்துட்டாங்க, நானும் பின்னாடியே வந்தேன். அதோ அந்தத் தென்னமரம் கீதுல்ல? அதோட மட்டை பூரா வெள்ள வெளேர்னு இருந்துச்சு. கல்யாண ஊட்ல ஃபோகஸ் லைட்டு போட்ட மாதிரி. கெணத்துப் பக்கத்துலேர்ந்து மேல பார்த்து அடிச்சிகினே இருந்துச்சு.”

“எவ்வளவு நேரம்?”

“கரண்ட் வர்ற வரிக்கும். ஒரு மணி நேரத்துக்குக் கொறையாது.”

“நடுவுல மங்கலையா?”

“இல்லக்கா. மொதல்ல எப்டியோ கடைசி வரிக்கும் அப்டியே. ஆடும், இப்டியும் அப்டியும் ஆடும். கரண்ட் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அப்டியே கீழ அமுங்குச்சு. அப்பால காணோம்.”

“ஆள் யாராவது தெரிஞ்சாங்களா?”

“ஒரு ஆளு கெணத்துச் செவுத்து மேல குந்திகினு இருந்தாப்ல. அந்த வெளிச்சத்துல நல்லா தெரிஞ்சுது. போலீஸ்ல சொன்னேன். அவருதாம்மா புருஷன், டார்ச் அடிச்சுப் பொண்டாட்டியத் தேடிகினு இருந்தாருன்னு சொல்லிட்டாங்க.”

“குந்திகினு தேடுனாரா?” என்றான் ஜேம்ஸ். “எங்க நைனா சாவியத் தொலைச்சாகூட ஊட்டையே பொரட்டிப் போடுவாரு. பொண்டாட்டியத் தொலைச்சவன் காத்து வாங்கிகினா தேடுவான்?”

சாமுண்டீஸ்வரி தென்னமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மங்கவே இல்ல...” என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

வரும் வழியில், ஆவடியில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் ஜெகதீஷ் யூனிட்டின் டார்ச் ஒன்று வாங்கினார்கள். கையடக்கமான கறுப்பு அலுமினியக் குழாய், கழுத்தைச் சுற்றி வரிவரியாகப் பள்ளம். தண்ணீர் புகாது என்று அட்டையில் போட்டிருந்தது. அலுவலகத்துக்கு வந்து, ஜன்னலை அடைத்துவிட்டு ஜேம்ஸ் அதை முழு வெளிச்சத்தில் வைத்தான். சுவரில் இருந்த காலண்டர் வெளுத்துப்போனது.

“யம்மா! இத்த வச்சிகினு ஆவடி ஏரியில வலையே இல்லாம மீன் புடிக்கலாம்.”

“பேசாம பிடி.”

பிடித்தான். சிறிது நேரத்தில் நெளிய ஆரம்பித்தான். “மேடம், சுடுது.” இன்னும் சிறிது நேரத்தில், “மேடம், இது டார்ச்சா தோசைக்கல்லா?” என்றான். அதற்குள் காலண்டரில் தேதிகள் மெல்லத் தெரியத் தொடங்கின. வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

“பேட்டரி பூட்டுச்சா?”

“பேட்டரி இல்லடா. இந்தக் குட்டி எல்.ஈ.டி. வெளிச்சத்தோட சேர்த்து சூட்டையும் கக்கும். அந்தச் சூடு உள்ள இருக்கிற செப்புத் தகட்டுல இறங்கி, அங்கேர்ந்து இந்த அலுமினிய உடம்புக்கு வந்து, காத்துல கலக்கணும். காத்து வாங்கிக்கிறதைவிட சூடு அதிகமாச்சுன்னா, உள்ள இருக்கிற சர்க்யூட் தானாவே வெளிச்சத்தைக் குறைச்சுக்கும். இல்லேன்னா எல்.ஈ.டி. கருகிடும். ரேகா வச்ச காவல் அது. அவங்கம்மா சொன்னாங்க, பொண்ணு வீட்டுக்கு வந்தா இதைப் பத்தியே பேசிட்டிருப்பாளாம்.”

“அப்போ அந்தத் தையக்காரம்மா பார்த்த லைட்டு ஏன் மங்கல?”

“அதான் எனக்கும் இடிக்குது.”

ஜேம்ஸ் கையை மாற்றினான், ஊதினான், கடைசியில் பொறுக்க முடியாமல், கை கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரில் டார்ச்சைப் போட்டுவிட்டான். “இந்தா, நீயே குளி!”

அறை சட்டென்று பிரகாசமானது.

வாளிக்குள்ளிருந்து எழும்பிய வெளிச்சம் கூரை முழுவதையும் வெள்ளையடித்தது. தண்ணீர் அசைய அசைய அதுவும் இப்படியும் அப்படியும் ஆடியது. நேரம் போயிற்று. கீழே கடையில் அடுத்த தேக்சா பிரியாணிக்குத் தம் போட்டார்கள். வெளிச்சம் ஒரு துளி குறையவில்லை.

“வெயில்ல வந்த எருமைய ஏரியில எறக்குன மாதிரி தெம்பாயிடுச்சு பாருங்க மேடம்!”

சாமுண்டீஸ்வரி சிரிக்கவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“ஜேம்ஸ், அந்த வெளிச்சம் கிணத்துக்கு மேலேர்ந்து வரல. தண்ணிக்குள்ளேர்ந்து வந்திருக்கு.”

“ரேகாக்கா கையிலேர்ந்து நழுவி உள்ள வுழுந்திருக்கும்.”

“விழுந்தா அடியில போய்ச் சேத்துல சாயும். ஒரு மணி நேரம் மேல பார்த்துக்கிட்டு ஆடாது. ஒரு கை அதைப் பிடிச்சிருக்கு. தூக்கிப் பிடிச்சா சூடேறி மங்கிடும், தண்ணிக்குள்ள முக்கிப் பிடிச்சாதான் முழு வெளிச்சம் நிக்கும்னு தெரிஞ்ச கை. அந்த டார்ச்சைச் செஞ்ச கை.”

ஜேம்ஸின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. “அப்போ... அந்தக்கா உசுரோட...”

“கால் உடைஞ்சு போச்சு, ஏற முடியல. கத்தினா ஆழத்துலேர்ந்து தெரு வரைக்கும் எட்டாது. மோட்டார் பைப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, யாராவது பார்ப்பாங்கன்னு வெளிச்சம் காட்டிட்டிருந்திருக்கா. பார்த்தவங்க எல்லாம் யாரோ தேடுறாங்கன்னு நினைச்சிருக்காங்க.”

“மேல ஒருத்தன் குந்திகினு இருந்தானே?”

“ஆமா” என்றாள் சாமுண்டீஸ்வரி. “அவன் பார்த்துக்கிட்டிருந்தான்.”

மறுநாள் காலையில் அம்பத்தூர் எஸ்டேட். யூனிட் வாசலில் செக்யூரிட்டி இருவருடைய கைபேசியையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டான். “சார் ஆர்டர்” என்றான்.

ஜெகதீஷ் சலவைச் சட்டையில், தாடி மழித்து, பளிச்சென்று இருந்தான். பின்னால் ரேகாவின் படம், அதில் வாடாத பிளாஸ்டிக் மாலை. ஆபீஸ் பையன் மூன்று டீ வைத்துவிட்டுப் போனான். சாமுண்டீஸ்வரி, அன்று கிணற்றடியில் வெளிச்சம் மங்காமல் எரிந்ததையும், கடையில் வாங்கிய டார்ச் மங்கியதையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

“அது பழைய சரக்கு மேடம்” என்றான் ஜெகதீஷ். அவன் கொஞ்சமும் அசையவில்லை. “கடைக்காரன் தேங்கினதை உங்க தலையில கட்டிட்டான். சூடானா மங்குற அந்தச் சமாச்சாரத்தை இப்போ எடுத்துட்டேன். வாங்குறவன் டார்ச் மங்குதுன்னு திருப்பி அனுப்புறான், நான் என்ன பண்றது? அன்னைக்கு என் கையில இருந்தது புது மாடல். மங்காது.”

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினான். ஜேம்ஸ் மேடத்தைப் பார்த்தான். மொத்தக் கணக்கும் அங்கேயே சரிந்துவிட்டது போல இருந்தது.

சாமுண்டீஸ்வரி அதை வாங்கவில்லை. “நல்லதாப் போச்சு. நீங்களே ஆன் பண்ணுங்க. பிடிச்சுக்கிட்டே பேசலாம்.”

“எதுக்கு?”

“ஸ்டேட்மென்ட்ல கரண்ட் வர்ற வரைக்கும் டார்ச்சைக் கையை விட்டு இறக்கலேன்னு சொல்லியிருக்கீங்க. கொஞ்ச நேரம் பிடிக்க மாட்டீங்களா?”

ஜெகதீஷ் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினான். எதிர்ச் சுவர் பளீரென்றது.

“ரேகா விழுந்தது எப்போ தெரிஞ்சுது?”

“கத்தினா. ஓடினேன். அதுக்குள்ள முழுகிட்டா.”

“நீங்க ஏன் குதிக்கல?”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

“பக்கத்துல யாரையும் கூப்பிடலையா?”

“பதட்டத்துல தோணல மேடம்.” விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்தான்.

“அண்ணாத்தே, கை மாத்தாதீங்க” என்றான் ஜேம்ஸ். “அப்பால ஆட்டம் செல்லாது.”

“ஃபயர் சர்வீஸுக்குப் போன் பண்ணது கரண்ட் வந்த பிறகுதான். ஏன்?”

ஜெகதீஷ் டார்ச்சையே பார்த்தான். அவன் நெற்றி வேர்த்திருந்தது. உதட்டைக் கடித்தான், அதற்கு மேல் முடியவில்லை. “ஆ!” என்று டார்ச்சை உதறினான். அது மேஜையில் உருண்டு ஒரு பிளாஸ்டிக் ஃபைலின் மேல் போய் நின்றது. ஃபைலின் மேலுறை சுருங்கிக் குழைந்தது. வெளிச்சம் ஒரு கணம் நீலமாக மாறி, துடித்து, அணைந்தது.

மேஜை மேல் இருந்த டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“டீ ஆறுறதுக்குள்ள உங்க டார்ச் அணைஞ்சுபோச்சு” என்றாள் சாமுண்டீஸ்வரி. “ரேகாவோட டார்ச்சா இருந்தா மங்கியிருக்கும். உங்க டார்ச்சா இருந்தா உங்க கையையும் பொசுக்கி, தானும் செத்திருக்கும். காத்துல ஒரு மணி நேரம் அந்த வெளிச்சம் நிக்கவே நிக்காது, தண்ணிக்குள்ள மட்டும்தான் நிக்கும். மறுநாள் நீங்க வாய்க்கரிசி போட்டப்போ எடுத்த போட்டோ எங்ககிட்ட இருக்கு. உள்ளங்கையில ஒரு சிவப்புக்கூட இல்ல.”

ஜெகதீஷ் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டான். திரும்பி வந்து உட்கார்ந்து, கையை ஊதிக்கொண்டான். கொப்புளம் கிளம்பியிருந்தது.

“நான் தள்ளல” என்றான் மெதுவாக. “தானாத்தான் வழுக்கி விழுந்தா. அது சத்தியம்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமே பண்ணல. உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.”

“ஏன்?”

“புது மாடலைப் பையில வச்சிருந்த ஒரு வாட்ச்மேனுக்குத் தொடை வெந்துபோச்சு. அன்னையிலேர்ந்து தினமும் சண்டை. சரக்கை வெளிய விட மாட்டேன், எல்லாருக்கும் சொல்லிடுவேன்னு நின்னா. மேல வந்திருந்தா மறுபடி அதே பேச்சுதானே?” குரலில் ஒரு ரசனை ஏறியது. “கல்யாணம் ஆனதிலேர்ந்து எனக்குப் பாடம் எடுத்தவ, அன்னைக்குத்தான் முதல் தடவையா எங்கிட்ட கெஞ்சினா. இனிமே வாயே திறக்க மாட்டேன்னா. கயிறு கூட வேணாம், யாரையாவது கூப்பிடுன்னா. நான் பதிலே சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, ‘அங்க இருக்கீங்கதானே, ஏதாவது பேசுங்க’ன்னா.”

ஜேம்ஸின் கை முஷ்டியாகியிருந்தது. சாமுண்டீஸ்வரி மேஜைக்கடியில் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அவங்கம்மா போன் பண்ணப்போ மட்டும்தான் கொஞ்சம் பயமா இருந்துது. உள்ளேர்ந்து ரேகா அப்படிக் கத்தினா.”

“போனை எடுத்தீங்களா?”

“எடுக்கலேன்னா விடாம அடிப்பாங்க. ரேகா கோயிலுக்குப் போயிருக்கான்னேன். பின்னாடி என்ன சத்தம்னாங்க. டிவின்னேன்.” கொப்புளத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். “உங்க போன் ரெண்டும் வாசல்ல இருக்கு. இதையெல்லாம் நான் சொன்னேன்னு நீங்க சொன்னா, யாரு நம்புவா? டார்ச்சு சூடாகுதுன்னு ஒருத்தனைத் தூக்குல போட முடியுமா? டீ ஆறுது மேடம். குடிச்சிட்டுப் போங்க.”

ஆவடி வரும்வரை ஜேம்ஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. பைக்கை அவன் ஓட்டிய விதத்தில் சாமுண்டீஸ்வரி இரண்டு தடவை கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸில் மகன் வீட்டில் இருந்தாள் பஞ்சவர்ணம். மகன் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவன், டியூட்டிக்குப் போயிருந்தான். குடும்பம் விருதுநகர் பக்கத்திலிருந்து வந்தது.

“அன்னைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணீங்களாம்மா?” என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

“பண்ணேன். ரேகா போனை எடுக்கல, அதான். கோயிலுக்குப் போயிருக்கான்னாரு. அதை ஏன் கேக்குறீங்க?”

“அந்தப் போனைக் கொஞ்சம் காட்டுங்க.”

ஜேம்ஸ் அதை வாங்கித் தடவினான். அவன் விரல் நின்றது. “மேடம்... எல்லா காலும் தானா ரெக்கார்டு ஆகிகினு கீது.”

“எம் மகந்தான் அப்படி வச்சுக் குடுத்தான்” என்றாள் பஞ்சவர்ணம். “டாக்டரு சொல்றதெல்லாம் எனக்கு மறந்துபோகும்ல. எனக்கு அதைப் போட்டுக் கேக்கத் தெரியாது.”

சாமுண்டீஸ்வரி வெளியே வந்து இன்ஸ்பெக்டர் சிவராமனுக்குப் போன் செய்தாள். அவள் ஏட்டாக இருந்த பழைய ஸ்டேஷன்காரர்.

“ரெக்கார்டிங் இருந்தா போதும்மா, தூக்கிடலாம்” என்றார். “ஆனா அந்தக் குரல் ரேகாவோடதுதான்னு தெரிஞ்சவங்க யாராவது அடையாளம் சொல்லணும். அம்மா சொன்னா அசைக்க முடியாது. நான் வர்றேன்.”

ஒரு தாய்க்கு இதைப் போட்டுக் காட்டாமலே இருந்துவிடலாம். அவள் மகள் விழுந்த உடனே போய்விட்டாள் என்று நம்பிக்கொண்டே காலத்தைக் கழிப்பாள். ஜெகதீஷும் அம்பத்தூரில் டீ குடித்துக்கொண்டிருப்பான். சாமுண்டீஸ்வரி உள்ளே வந்து, பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

சிவராமன் வந்தார். ஜேம்ஸ் போட்டான்.

“சொல்லுங்க அத்தை.”

“ரேகா எங்க மாப்ள? போனை எடுக்க மாட்டேங்கிறா.”

“கோயிலுக்குப் போயிருக்கா.”

அதன் பின்னால், ஆழத்திலிருந்து, கல்லில் முட்டி உடைந்து வரும் குரல். “அம்மா! அம்மா, நான் இங்கதான் இருக்கேன்! கிணத்துல... அம்மா!”

“என்ன மாப்ள சத்தம்?”

“டிவி அத்தை. சீரியல்.”

“அம்மா!”

“சரி சரி. நீங்க சாப்பிட்டீங்களா?”

அத்துடன் முடிந்தது. தெருவில் காய்கறி வண்டிக்காரனின் ஒலிபெருக்கி தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டு போனது.

“கரண்ட் இல்லாத நேரத்துல டிவி” என்றார் சிவராமன். “அம்மா, இது யாரு குரல்?”

“எம் மக” என்றாள் பஞ்சவர்ணம். “எம் மக ரேகாதான்.” கையெழுத்துக் கேட்ட இடத்தில் பிசகாமல் போட்டாள்.

மதியத்துக்குள் ஜெகதீஷை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள் என்று அம்பத்தூரிலிருந்து போன் வந்தது. கிணற்றை இறைக்கவும் ஆள் போயிருந்தது. சேற்றில் டார்ச் கிடைத்ததாம்.

சாட்சிப் பொருளாகக் கைபேசியை உறையில் போட சிவராமன் எழுந்தார். பஞ்சவர்ணம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஜேம்ஸைப் பார்த்தாள்.

“கொண்டுபோறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை போடுய்யா.”

“வேணாம்மா” என்றான் ஜேம்ஸ். “கேக்காதம்மா.”

“போடுய்யா.”

போட்டான். மருமகனின் குரல் வந்தது, அவளுடைய குரலே வந்தது. அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். கிணற்றுக்குள்ளிருந்து “அம்மா!” என்ற கூவல் எழுந்ததும் போனின் மேல் குனிந்து, வாயை அதன் மேல் வைத்துச் சொன்னாள்.

“என்னத்தா... இந்தா இருக்கேன், சொல்லுத்தா.”